தானுந்துத் திசைமாற்றிக் கோளாறுகள்

தானுந்துத் திசைமாற்றிக் கோளாறுகள் என்பவை, ஓட்டுநர் திருப்பும் அளவிற்கு ஏற்ப ஊர்தியின் முன்சக்கரங்கள் திரும்பாமல் போவதாலோ, திருப்புவதற்கு இயல்புக்கு மீறிய விசை தேவைப்படுவதாலோ, ஊர்தி தானாகவே நேர்வழியை விட்டு விலகுவதாலோ அறியப்படும் குறைபாடுகள் ஆகும். திசைமாற்றி என்பது வழக்கில் ஸ்டீயரிங் எனப்படும் அமைப்பாகும். ஓட்டுநர் கையில் பிடிக்கும் வட்டப்பகுதி இக்கட்டுரையில் திசைமாற்றி வளையம் அல்லது வளையம் எனக் குறிக்கப்படுகிறது.

வளையத்தில் உணரப்படும் கோளாறின் காரணம் பெரும்பாலும் வளையத்தில் இருப்பதில்லை. டயரின் காற்றழுத்தம், சக்கரத்தின் சமநிலை, பிரேக், தாங்கமைப்பு, மூட்டுகள், மின்கலம் ஆகிய எவற்றின் குறையும் ஓட்டுநரின் கையில் ஒரே மாதிரியாக உணரப்படலாம். எனவே அறிகுறி எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்பதைக் கொண்டே காரணத்தைப் பிரித்தறிய வேண்டும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி தமிழ்நாட்டில் சாலைப் போக்குவரத்துத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பகுதியாகும். நாமக்கல் லாரித் தொழிலுக்கும் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், சங்ககிரி லாரிப் போக்குவரத்துக்கும் அறியப்பட்டவை. ஒரே சாலையில் சிறிய கார்களும் கனரக லாரிகளும் செல்லும் இப்பகுதியில், சமவெளிச் சாலைகளும் ஏற்காடு, கொல்லிமலை, தொப்பூர் போன்ற மலைப்பாதைகளும் அருகருகே அமைந்துள்ளன. ஆகவே இப்பகுதியின் நிலைமைகள் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

அமைப்பும் செயற்பாடும்

வளையத்தைத் திருப்பும்போது அதனுடன் இணைந்த தண்டு சுழல்கிறது. தண்டின் இடையில் ஒன்று அல்லது இரண்டு யூனிவர்சல் ஜாயிண்ட் எனப்படும் வளையும் மூட்டுகள் உள்ளன. தண்டின் கீழ்முனை பற்சக்கரப் பெட்டியில் முடிகிறது. இப்பெட்டி இரண்டு முக்கிய வகைப்படும்.

- ரேக் அண்ட் பினியன் வகை: தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரமான பினியன், ரேக் எனப்படும் பல் வெட்டிய சட்டத்தை இடமும் வலமும் நகர்த்துகிறது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையின.
- சுழலும் குண்டு வகை: திருகுத் தண்டுக்கும் அதன் மேல் நகரும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டு சுழல்கின்றன. நட்டின் நகர்வு டிராப் ஆர்ம் எனப்படும் கையை அசைக்கிறது. லாரி, பேருந்து போன்ற கனரக ஊர்திகளில் இவ்வகை காணப்படும்.

பெட்டியிலிருந்து வரும் அசைவை டை ராடு எனப்படும் இணைப்புத் தண்டுகள் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றன. இத்தண்டுகளின் முனைகளில் பால் ஜாயிண்ட் எனப்படும் பந்து மூட்டுகள் உள்ளன. உருண்டையான தலை ஒன்று கிண்ணம் போன்ற குழிக்குள் எல்லாத் திசைகளிலும் அசையும்படி இம்மூட்டு அமைந்துள்ளது. மூட்டுக்குள் கிரீஸ் இருக்கும். அதனைப் புழுதியிலிருந்தும் நீரிலிருந்தும் ரப்பர் உறை ஒன்று காக்கிறது.

வளையம் திரும்பும் கோணத்திற்கும் சக்கரம் திரும்பும் கோணத்திற்கும் உள்ள விகிதம் திசைமாற்றி விகிதம் எனப்படும். கார்களில் இது பொதுவாக 14:1 முதல் 20:1 வரை இருக்கும். விகிதம் 15:1 எனில், வளையத்தை 15° திருப்பினால் சக்கரம் 1° திரும்பும்.

வரலாறு

வளைவில் செல்லும்போது உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தை விடக் கூடுதல் கோணத்தில் திரும்ப வேண்டும். இல்லையேல் டயர்கள் தரையில் உராய்ந்து தேயும். இதற்கான இணைப்பு முறையை மியூனிக்கைச் சேர்ந்த வண்டி செய்பவரான கியோர்க் லாங்கென்சுபெர்கர் 1817இல் குதிரை வண்டிகளுக்காக உருவாக்கினார். 1818இல் இங்கிலாந்தில் ருடால்ப் அக்கர்மான் இதற்குக் காப்புரிமை பெற்றமையால், இம்முறை அக்கர்மான் அமைப்பு எனப் பெயர் பெற்றது.

நீரியல் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கை அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிசு டேவிசு 1920களில் உருவாக்கினார். விற்பனைக்கு வந்த காரில் இது முதன்முதலாக 1951ஆம் ஆண்டின் கிரைசுலர் இம்பீரியலில் இடம்பெற்றது. மின் மோட்டாரால் உதவும் மின் பவர் ஸ்டீயரிங் 1988இல் சப்பானில் சுசுகி செர்வோ காரில் அறிமுகமானது. இந்தியாவில் மாருதி 800 காரின் தொடக்கக் கால வகைகளில் இவ்வகை உதவி எதுவும் இல்லை. சென்னையில் 1929இல் தொடங்கப்பட்ட ரானே குழுமம் இந்தியாவில் திசைமாற்றிப் பாகங்களை உற்பத்தி செய்யும் நிறுவனங்களுள் ஒன்றாகும்.

கோளாறறியும் வரிசை

கோளாறை அறிய முற்படுவோர் எளிதானதும் செலவற்றதுமான சோதனையிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கடினமானவற்றிற்குச் செல்ல வேண்டும். பொதுவாகப் பின்பற்றத்தக்க வரிசை பின்வருமாறு:

1. டயர்களின் காற்றழுத்தம்
2. டயர்களின் தேய்மானம், வீக்கம், வகை
3. சக்கர நட்டுகளின் இறுக்கம், சக்கரச் சமநிலை
4. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது
5. பந்து மூட்டுகள், டை ராடுகள், சக்கரப் பேரிங்குகள்
6. பவர் ஸ்டீயரிங் எண்ணெய், பெல்ட், மின்கலம்
7. வீல் அலைன்மெண்ட் எனப்படும் சக்கரச் சீரமைவு

சக்கரச் சீரமைவு இவ்வரிசையில் இறுதியாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சீரமைவு என்பது சக்கரங்களின் கோணங்களை அளந்து, டை ராடுகளின் நீளத்தை மாற்றி அவற்றைச் சரிசெய்வதாகும். மூட்டு தேய்ந்திருந்தால் அளக்கும்போது ஒரு கோணமும் ஓடும்போது வேறொரு கோணமும் அமையும். எனவே தேய்ந்த மூட்டை மாற்றாமல் செய்யும் சீரமைவு பயனற்றது. சில நாட்கள் ஊர்தி சரியாக ஓடுவது போலத் தோன்றி, மீண்டும் பழைய குறை தலைகாட்டும். அதற்குள் மூட்டு மேலும் தேய்ந்திருக்கும். வண்டி இழுக்கிறது என்றவுடன் முதலில் சீரமைவுக்குக் கொண்டு செல்லும் வழக்கம் இக்காரணத்தால் தவிர்க்கத்தக்கது.

அறிகுறிகளும் காரணங்களும்

ஒரு பக்கம் இழுத்தல்

நேரான சாலையில் வளையத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும்போது ஊர்தி இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகிச் செல்வது இழுத்தல் எனப்படும். இதனைக் கோளாறு என முடிவு செய்வதற்கு முன் சாலையின் சரிவைக் கருத வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரம் நோக்கிச் சரிவாக அமைக்கப்படுகின்றன. இந்தியாவில் ஊர்திகள் இடப்பக்கம் செல்வதால், நல்ல நிலையில் உள்ள காரும் சற்றே இடப்பக்கம் விலகுவது இயல்பு. சரிவு வேறுபட்ட இரண்டு, மூன்று சாலைகளில் ஓட்டிப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும். வலப்பக்க இழுவை எனில் அது பெரும்பாலும் ஊர்தியின் குறையே ஆகும்.

- எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் முதலில் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்த டயரின் பக்கமாக ஊர்தி இழுக்கும். சரியான அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டுள்ள தாளில் அல்லது கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பல சிறிய கார்களில் இது சதுர அங்குலத்திற்கு 30 முதல் 35 பவுண்டு வரை இருக்கும். ஓட்டத்தின் போதும் கோடை வெயிலிலும் காற்று சூடேறி அழுத்தம் உயர்வதால், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளப்பதே சரியாகும்.
- அழுத்தம் சரியாக இருந்தும் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தி ஓட்டலாம். இழுக்கும் பக்கம் மாறினால் குறை டயரில் உள்ளது. மாறாவிட்டால் குறை வேறிடத்தில் உள்ளது. ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய அம்புக்குறி இட்ட டயர்களுக்கு இச்சோதனை பொருந்தாது.
- பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது திசைமாற்றிக் கோளாறு அன்று. ஒரு பக்கப் பிரேக் குறைவாகவோ மிகுதியாகவோ பிடிக்கிறது எனக் கொள்ளலாம்.
- பிரேக்கை மிதிக்காதபோதும் இழுத்து, சிறிது தொலைவு ஓடிய பின் ஒரு சக்கரம் மட்டும் மிகுந்த சூடாக இருந்தால் அச்சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டுள்ளது. சூட்டை அறியச் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொடாமல், கையை அருகில் கொண்டு சென்று பார்ப்பது பாதுகாப்பானது.

வளையம் அதிர்தல்

அதிர்வு தோன்றும் வேகம் அதன் காரணத்தைக் காட்டும்.

- மணிக்கு ஏறத்தாழ 80 முதல் 110 கி.மீ. வேகத்தில் தோன்றி, அதற்குக் கீழும் மேலும் குறையும் அதிர்வு சக்கரச் சமநிலைக் குறைவால் உண்டாவதாகும். சக்கர விளிம்பில் ஒட்டப்பட்ட ஈயம் அல்லது துத்தநாக எடை விழுந்திருக்கலாம். மழைக்குப் பின் தோட்டத்துப் பாதைகளில் சென்ற ஊர்திகளில், ரிம்மின் உட்புறம் சேற்று மண் ஒட்டிக் காய்ந்திருந்தாலும் இதே அதிர்வு உண்டாகும். அதனைக் கழுவினாலே போதும்.
- குறைந்த வேகத்திலேயே வளையம் இடமும் வலமும் ஆடினால் டயர் வீங்கியுள்ளதா, ரிம் வளைந்துள்ளதா, சக்கர நட்டு தளர்ந்துள்ளதா என உடனே பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டிச் சக்கரம் மாற்றிய பின் தோன்றும் ஆட்டத்திற்கு நட்டு தளர்ந்திருப்பது பொதுவான காரணமாகும்.
- பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் முன் பிரேக் தட்டுகளின் மேற்பரப்பு சீரற்றுள்ளது.
- ஒரு பள்ளத்தில் இறங்கிய பின் வளையம் வேகமாக ஆடத் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால் மட்டுமே நிற்பது முன்பக்கம் திட அச்சு கொண்ட ஜீப்புகளிலும் லாரிகளிலும் காணப்படும். மூட்டுகள், கிங் பின், அச்சின் கோணம் ஆகியவற்றின் தளர்வே இதற்குக் காரணம்.

தளர்வு

வளையத்தைச் சிறிது திருப்பியும் சக்கரம் திரும்பாத நிலை தளர்வு எனப்படும். பட்டறைகளில் இது பிளே என வழங்கப்படுகிறது. டை ராடு முனைகள், யூனிவர்சல் ஜாயிண்ட், பற்சக்கரப் பெட்டி, அப்பெட்டியைச் சட்டத்துடன் இணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தேய்ந்தோ தளர்ந்தோ இருந்தால் இது தோன்றும். தளர்வு மெல்ல மெல்லக் கூடுவதால், நாள்தோறும் ஓட்டுபவர் அதற்குப் பழகிவிடுகிறார். வேறொருவர் ஓட்டும்போது தான் குறை தெரிய வருகிறது. எனவே தளர்வை உணர்ச்சியால் மதிப்பிடாமல் அளந்து அறிய வேண்டும்.

கனத்தல்

வளையத்தைத் திருப்பக் கூடுதல் விசை தேவைப்படுவது கனத்தல் ஆகும்.

- எல்லா வகை ஊர்திகளிலும் முன் டயர்களில் காற்று குறைவாக இருப்பதே முதற் காரணம்.
- நீரியல் பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் குறைந்திருத்தல், பம்பை இயக்கும் பெல்ட் தளர்ந்திருத்தல், குழாயில் கசிவு, எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தல் ஆகியவை காரணங்களாகும். எண்ணெய் தானாகத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கையேட்டில் குறித்த வகை எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.
- மின் பவர் ஸ்டீயரிங்கில் மின்கலம் வலுவிழத்தல், மின்னாக்கி போதிய மின்னழுத்தம் தராமை, பியூஸ் எரிதல், முறுக்குவிசை உணரி பழுதாதல் ஆகியவை காரணங்களாகும். இவ்வேளையில் முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியும். கருவியை இணைத்துக் கோளாறுக் குறியீட்டைப் படித்த பின்னரே பாகத்தை மாற்ற வேண்டும். வலுவிழந்த மின்கலத்தால் எரியும் விளக்கிற்காக விலைமிக்க மோட்டாரை மாற்றுவது வீண் செலவாகும்.
- குறுகிய இடத்தில் பலமுறை முழுவதும் திருப்பிய பின் மின் வகை சிறிது நேரம் கனத்தால், அது மோட்டார் சூடாவதைத் தடுக்கும் இயல்பான பாதுகாப்பு ஆகும்.
- ஒரு சுற்றில் சில இடங்களில் மட்டும் கனத்து மற்ற இடங்களில் இலகுவாக இருந்தால் தண்டிலுள்ள யூனிவர்சல் ஜாயிண்ட் துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

வளையம் நேர்நிலைக்குத் திரும்பாமை

வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியதும் வளையம் தானாக நேர்நிலைக்குத் திரும்புவது இயல்பு. சக்கரம் திரும்பும் அச்சு மேல்முனையில் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். இச்சாய்வு காஸ்டர் எனப்படும். மிதிவண்டியின் முன்கவை சாய்ந்திருப்பதும் இதே பயன் கருதியே ஆகும். மூட்டுகள் கிரீஸ் வற்றி இறுகினாலோ, பற்சக்கரப் பெட்டியைத் தளர்வு நீக்குவதற்காக அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலோ, மோதலில் காஸ்டர் கோணம் மாறியிருந்தாலோ வளையம் திரும்பாது.

ஒலிகள்

- முழுவதும் திருப்பும்போது எழும் உறுமல்: நீரியல் வகையில் அழுத்தம் உச்சத்தை அடைவதால் சிறிது ஒலி எழுவது இயல்பு. இடையிலும் ஒலித்தால் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.
- திருப்பும்போது எழும் கீச்சொலி: பெல்ட் வழுக்குகிறது.
- முழுவதும் திருப்பிக்கொண்டு முன்னே செல்லும்போது எழும் கடகட ஒலி: இது திசைமாற்றியில் அன்றி, முன்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் அச்சின் வெளி மூட்டில் எழுகிறது.
- மேடுபள்ளங்களில் எழும் தட்டும் ஒலி: டை ராடு முனை, கீழ்க்கையின் பந்து மூட்டு, ரேக்கின் புஷ் ஆகியவற்றுள் ஒன்று தேய்ந்துள்ளது.
- வளையத்தின் உள்ளே உரசும் ஒலியுடன் ஒலிப்பான் இயங்காமையும் காற்றுப்பை விளக்கு எரிதலும் சேர்ந்திருந்தால், வளையத்தின் அடியிலுள்ள சுருள் மின்கம்பி அறுந்திருக்கலாம். காற்றுப்பை வெடிக்கக்கூடியது என்பதால் பயிற்சியற்றவர் வளையத்தைக் கழற்றலாகாது.

எளிய சோதனைகள்

தரையில் நிறுத்திச் சோதித்தல்

ஊர்தியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இட வேண்டும். ஒருவர் வளையத்தை இடமும் வலமும் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அம்மூட்டே தேய்ந்தது. மூட்டின் மேல் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத தளர்வும் தட்டுப்படும். பவர் ஸ்டீயரிங் உள்ள ஊர்திகளில் எஞ்சினை இயக்கியபடி இதனைச் செய்ய வேண்டும். எனவே பார்ப்பவர் ஊர்திக்கு அடியில் செல்லாமல் பக்கவாட்டில் இருந்தே பார்க்க வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கிச் சோதித்தல்

முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் ஊர்திக்கு அடியில் செல்லலாகாது. பின்னர்:

- சக்கரத்தைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலைகளில் பிடித்து அசைத்தால் தெரியும் தளர்வு டை ராடு முனைகளில் உள்ளது.
- 12 மணி, 6 மணி நிலைகளில் தெரியும் தளர்வு பந்து மூட்டு, கிங் பின் அல்லது சக்கரப் பேரிங்கில் உள்ளது.
- வேறொருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது மீண்டும் அசைக்க வேண்டும். தளர்வு மறைந்தால் பேரிங்கும், மறையாவிட்டால் மூட்டும் குறையுடையது.

டயரின் தேய்மானத்தைப் படித்தல்

- இரு ஓரங்களும் தேய்ந்திருத்தல்: நெடுநாள் காற்று குறைவு
- நடுப்பகுதி தேய்ந்திருத்தல்: காற்று மிகுதி
- ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருத்தல்: சக்கரத்தின் பக்கச் சாய்வான கேம்பர் மாறியிருத்தல்
- கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பும் எதிர்த்திசையில் சுரசுரப்பும்: முன்சக்கரங்கள் இணையாக இல்லாமை, அதாவது டோ அளவு மாறியிருத்தல்
- இடையிடையே குழிகள்: அதிர்வுத் தாங்கி வலுவிழத்தல், சமநிலைக் குறைவு

தளர்வின் அளவும் விளைவும்

தளர்வை அளக்கச் சக்கரங்களை நேராக வைத்து, வளையத்தின் விளிம்பருகே ஓர் அளவுகோலை நிறுத்த வேண்டும். சக்கரம் அசையத் தொடங்கும் வரை வளையத்தை ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்பி, விளிம்பு நகரும் மொத்தத் தொலைவைக் குறிக்க வேண்டும். பல கார்களின் கையேடுகள் இதற்கு 30 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான எல்லையையே தருகின்றன.

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆம் விதி வளையத்தில் 30°க்கு மேற்பட்ட தளர்வு இருக்கலாகாது என்கிறது. 380 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில் 30° என்பது விளிம்பில் ஏறத்தாழ 100 மி.மீ. ஆகும். அதாவது சட்டத்தின் எல்லை கார்க் கையேடுகளின் எல்லையை விட மூன்று மடங்கிற்கும் மேல் பெரியது. சட்டம் எல்லா வகை ஊர்திகளுக்கும் பொதுவான உச்ச எல்லையைக் கூறுகிறது. அதற்குள் இருப்பதாலேயே ஒரு கார் நல்ல நிலையில் உள்ளது எனக் கொள்ளலாகாது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். திசைமாற்றி விகிதம் 15:1 எனில், 30° தளர்வு சக்கரத்தில் 2° ஆகும். வளையம் அசையாதிருக்கும்போதே சக்கரங்கள் நடுநிலையிலிருந்து இரு பக்கமும் 1° வரை திரும்ப முடியும். முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள காரில் 1° திருப்பம் ஏறத்தாழ 137 மீட்டர் ஆரமுள்ள வளைவைத் தரும். அவ்வளைவில் 20 மீட்டர் சென்றால் ஊர்தி நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் விலகியிருக்கும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரைக் கடக்க ஒரு நொடியே ஆகும். 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தின் நடுவில் செல்லும் 1.5 மீட்டர் அகலக் காருக்கு இரு பக்கமும் 1 மீட்டர் இடமே உள்ளது. டயரின் வழுக்கலைக் கருதாத இக்கணக்கில், கார் ஒரே நொடியில் தன் தடத்தை விட்டு வெளியேறிவிடும். நடைமுறையில் ஓட்டுநர் இடைவிடாது வளையத்தைத் திருத்திக்கொண்டே இருப்பதால் இது தவிர்க்கப்படுகிறது. அத்திருத்தத்திற்கு நேரமில்லாத வேளையில், எடுத்துக்காட்டாக எதிரே லாரி வரும்போது, தளர்வு விபத்தாக முடிகிறது.

லாரிகளில் காணப்படும் கோளாறுகள்

லாரிகளின் முன் அச்சு பொதுவாக ஒரே திடத் தண்டாகும். அதன் இரு முனைகளிலும் கிங் பின் எனப்படும் எஃகு முளையைச் சுற்றிச் சக்கரங்கள் திரும்புகின்றன. கிங் பின்னுக்கும் அதன் புஷ்ஷுக்கும் இடையே கிரீஸ் வற்றினால் முதலில் வளையம் கனக்கும். பின்னர் புஷ் தேய்ந்து தளர்வு தோன்றும். குறித்த இடைவெளியில் கிரீஸ் அடிப்பது இவ்விரண்டையும் தடுக்கும். அடிக்கும்போது பழைய கிரீஸ் வெளியே வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் வழி அடைத்துள்ளது.

செம்மண் புழுதியும் கல்குவாரித் தூசியும் மிகுந்த சாலைகளில் ரப்பர் உறை கிழிந்த மூட்டு விரைவில் கெடும். உள்ளே புகும் தூசி கிரீஸுடன் கலந்து, உலோகத்தைத் தேய்க்கும் அரைபொடி போலாகிவிடுகிறது. கிழிந்த உறையைக் காலத்தில் மாற்றினால் மூட்டு பிழைக்கும்.

லாரிகளுக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு.

- பட்டைச் சுருளின் நடு போல்ட் ஒடிந்தாலோ, யூ போல்ட் தளர்ந்தாலோ பின் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்போது லாரி கோணலாக ஓடும். நேராக ஓட்ட வளையத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். முன்பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் இக்குறை தென்படாது.
- சுமை பின்புறம் தள்ளி ஏற்றப்பட்டால் முன் அச்சின் மீதான எடை குறைந்து வளையம் இலகுவாகும். இந்த இலகு நன்மையன்று. முன்சக்கரங்களின் தரைப்பிடிப்பு குறைந்துள்ளது என்பதே அதன் பொருள்.
- நைலான் டயரையும் ரேடியல் டயரையும் ஒரே அச்சில் கலந்து இட்டால் இழுவை உண்டாகும். ரீட்ரெட் செய்த டயர்களை முன் அச்சில் இடாமல் பின் அச்சில் மட்டும் இடுவது பாதுகாப்பான வழக்கம். முன் டயர் வெடித்தால் திசைக் கட்டுப்பாடே போய்விடும்.

மலைப்பாதைகளில்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. இவ்வளைவுகளில் வளையத்தை அடிக்கடி முழுவதும் திருப்ப வேண்டியிருப்பதால், சமவெளியில் வெளிப்படாத கோளாறுகள் இங்கு வெளிப்படும். எண்ணெய் குறைவு, பெல்ட் வழுக்கல், அச்சு மூட்டின் ஒலி ஆகியவை இவ்வகையின. நீரியல் வகையில் வளையத்தை எல்லை வரை திருப்பி அப்படியே பிடித்திருந்தால் எண்ணெய் சூடேறிப் பம்பு கெடும். எல்லையைத் தொட்டதும் சிறிது தளர்த்துவது நல்லது.

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44இல், தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர் மலைப்பகுதி உள்ளது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என அறியப்பட்ட இவ்வழியில், சேலம் நோக்கி வரும் ஊர்திகள் நீண்ட இறக்கத்தில் இறங்குகின்றன. இது விபத்துகள் மிகுந்த பகுதியாக அறியப்பட்டது. இத்தகைய இறக்கங்களில் எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்தியோ நியூட்ரலிலோ இறங்குவது பேராபத்தானது. எஞ்சின் நின்றால் நீரியல் பம்பும் நின்று வளையம் திடீரெனக் கனக்கும். பிரேக்கிற்குக் கிடைக்கும் உதவியும் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும். சாவியை உருவினால் வளையம் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினால் கிடைக்கும் வேகத்தடை இல்லாமல் போகிறது. ஏறும் போது பயன்படும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியின் அடிப்படைப் பாடமாகும்.

சட்ட விதிகள்

மேற்கூறிய 98ஆம் விதி தளர்வின் எல்லையுடன் வேறு இரண்டு தேவைகளையும் கூறுகிறது. திசைமாற்றி இணைப்புகளின் பந்து மூட்டுகள் ரப்பர் உறையால் காக்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்புகளில் உள்ள போல்ட்டுகளும் முளைகளும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். கார், லாரி முதலியவற்றின் டயர்களில் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்பது தொடர்புடைய மற்றொரு விதியாகும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 56ஆம் பிரிவின்படி லாரி, பேருந்து, வாடகைக் கார் போன்ற போக்குவரத்து ஊர்திகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயமாகும். 2018ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், எட்டு ஆண்டு வரையான ஊர்திகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு ஆண்டுதோறும் இச்சான்று புதுப்பிக்கப்படுகிறது. சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு இத்தகைய ஆண்டுச் சோதனை இல்லை. பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், இடைப்பட்ட காலத்தில் திசைமாற்றியைச் சோதிக்கும் பொறுப்பு உரிமையாளரையே சாரும். பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் குறையை அறிந்தும், அல்லது எளிய கவனத்தால் அறிந்திருக்கக் கூடிய நிலையிலும், ஊர்தியை ஓட்டுவது 190ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பெரும்பாலான திசைமாற்றிக் குறைகள் பட்டறை வரை மெதுவாக ஓட்டிச் செல்ல இடமளிப்பவை. பின்வருவன அவ்வாறல்ல. இவை தோன்றினால் ஊர்தியைச் சாலையோரம் நிறுத்தி, இழுவை ஊர்தியின் உதவியை நாட வேண்டும்.

- தளர்வு திடீரெனக் கூடுதல்
- வளையத்தை ஒரே அளவு திருப்பினாலும் சக்கரங்கள் வெவ்வேறு அளவு திரும்புதல்
- திருப்பும்போது வளையம் இடையில் சிக்கிப் பின் விடுபடுதல்
- பள்ளத்தில் இறங்கிய பின் அல்லது மோதலுக்குப் பின், நேராகச் செல்லும்போது வளையம் சாய்ந்திருத்தல்
- குறைந்த வேகத்தில் சக்கரம் ஆடுதல், நட்டு தளர்ந்திருத்தல்
- டயரின் பக்கச் சுவரில் வீக்கம்

இவற்றுள் முதல் மூன்றும் பந்து மூட்டு குழியிலிருந்து கழன்று வரும் நிலையில் உள்ளதைக் குறிக்கலாம். மூட்டு முழுதும் கழன்றால் அச்சக்கரம் வளையத்திற்குக் கட்டுப்படாது.

இவற்றையும் பார்க்க

- பவர் ஸ்டீயரிங்
- ரேக் அண்ட் பினியன்
- சக்கரச் சீரமைவு
- தானுந்துத் தாங்கமைப்பு
- நாமக்கல் மாவட்டம்
- தேசிய நெடுஞ்சாலை 44